இடி இடித்தபோது பிடுங்கிய பிளக்

தினேஷ்,

நேற்று சாயங்காலம் நாலரை மணிக்கு நம் வீட்டு இணைய ரூட்டரின் மென்பொருளை நானே புதுப் பதிப்புக்கு மாற்றிவிட்டேன். மயங்கி விழுந்துவிடாதே. ஆமாம், நானேதான். கிள்ளான் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்துச் சுவரில் நீ மாட்டிவிட்டுப் போன அதே கறுப்புப் பெட்டி. மூன்று வருடமாக நீயும் தொடவில்லை, என்னையும் தொட விடவில்லை. இப்போது நான்கு விளக்குகளும் பச்சையாக எரிகின்றன. இதைச் சொல்ல ஒரு போன் போதுமே, இந்த மனுஷன் எதற்குப் பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நான் மறுபடியும் பொய் சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். "என்னப்பா?" என்று நீ ஒரு தடவை கேட்டால் போதும், "ஒன்னும் இல்லடா, சும்மாதான்" என்று வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். கஸ்தூரி வியாழக்கிழமை டப்ளினுக்கு விமானம் ஏறுகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் எனக்குத் தைரியம் போய்விடும். அம்மாவின் கடைசி வாரத்தில் வீட்டு இணையம் செத்துப்போனதற்கு நீ காரணம் இல்லை. நீ போட்ட கோப்பில் ஒரு தப்பும் இல்லை. நான்தான் பாதியில் பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கிவிட்டு, தொடவே இல்லை என்று உன்னிடம் சொன்னேன். இதோ, எழுதிவிட்டேன். மூன்று வருடமாக மறைத்து வைத்தது, எழுதிப் பார்த்தால் நாலு வரிகூட இல்லை. இத்தோடு நிறுத்திவிடாதே, மீதியையும் படி. இதைவிடக் கேவலமானது மீதியில் இருக்கிறது.

இப்போது மட்டும் ஏன் என்று கேட்பாய். போன வாரம் கஸ்தூரி வந்திருந்தாள். காஜாங்கிலிருந்து அவள் அம்மாவோடு பிரிக்ஃபீல்ட்ஸுக்கு உங்கள் கல்யாணக் கூரைப் புடவை பார்க்க வந்தவள், அம்மாவைக் கடையிலேயே விட்டுவிட்டுத் தனியாகக் கொமுட்டர் ரயில் பிடித்து என்னைப் பார்க்க வந்துவிட்டாள். நல்ல பிள்ளைடா. வந்ததும் அவளே அடுப்பங்கரைக்குப் போய்த் தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்தாள். டப்ளினில் உன் ஆபீஸிலேயே அதே வேலை பார்க்கிறவள் அல்லவா, உட்கார்ந்ததும் கண் நேராகப் பெட்டிமேல்தான் போனது. அம்மாவின் டேப்லட்டை வாங்கி எதையோ தட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இன்னுமா இந்த வெர்ஷன் ஓடுது? இதுக்கு ஓட்டை அடைக்கிறதையே நிறுத்திட்டாங்களே. வெளியாளுங்க யாரு வேணும்னாலும் உள்ள வந்துடலாம் மாமா" என்றாள். "அவன்தான் தொடாதீங்கன்னு சொன்னான்லா" என்றேன்.

கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "அவரு எதையுமே அப்டேட் பண்றது இல்ல மாமா, தெரியுமா? ஆபீஸ்ல அந்த மாதிரி வேலை வந்தா என்கிட்ட தள்ளி விட்டுட்டு எழுந்து வெளிய போயிடுறாரு. முன்னாடி இந்தப் பெட்டியில ஓடுற சிஸ்டத்துக்குப் புது வெர்ஷன் வந்தா, முதல் ஆளா போட்டுப் பாத்துட்டு அத உருவாக்குற குழுவுக்கு எழுதுவாராம். இப்ப அந்தப் பக்கமே போறது இல்ல. ஏன்னு கேட்டா, நான் பட்டன அழுத்துனா ஒருத்தங்க மூஞ்சிய பாக்க முடியாம போயிடும்னு சொல்றாரு. அன்னிக்கு என்ன மாமா நடந்துச்சி?" அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது லைன் பிரச்சினைம்மா" என்றேன். வாய் கூசவில்லை. மூன்று வருடப் பழக்கம். அவள் நம்பவில்லை என்று நினைக்கிறேன். போகும்போது புதுப் பதிப்பின் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, செய்முறையையும் எழுதிவைத்துவிட்டு, "அவரு கையால செய்ய மாட்டாரு. நீங்க செய்ங்க மாமா, டெலிபோன் ஆளுதானே நீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டெலிபோன் ஆளு. முப்பத்தொரு வருடம் கம்பத்தில் ஏறி லைன் இழுத்தவன். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். உனக்குப் பன்னிரண்டு வயதில் நடந்தது உனக்கு மறந்திருக்காது, ரோத்தான் பிரம்பு பட்ட தொடை எப்படி மறக்கும்? நான் வேலை முடிந்து வந்தபோது நம் பழைய மோடத்தைப் பிரித்துப் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஒரு பக்கம் திருகாணிகள், ஒரு பக்கம் மூடி. லைன் வரவில்லை. நீ கெடுத்துவிட்டாய் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். "தெரியாததுல கை வைக்காத, வைக்காதன்னு எத்தன தடவ சொல்றது!" என்று சுவரில் மாட்டியிருந்த ரோத்தானை எடுத்தேன். நீ அழுதுகொண்டே, "கெட்டுப் போயிருந்துச்சிப்பா, சரி பண்ணலாம்னு பாத்தேன்" என்றாய். அதற்கும் சேர்த்து இன்னொரு அடி போட்டேன். மறுநாள் அந்த மோடத்தை ஆபீஸுக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளே ஒரு மூலை கருகிக் கிடந்தது. உன்னை அடித்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் இடித்த இடி. பிளக்கைப் பிடுங்க மறந்தது நான். நீ சொன்னதுதான் சரி. அதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. புது மோடம் வாங்கி வந்து மாட்டிவிட்டு, உனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். பிள்ளை மறந்திருப்பான் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

அன்றிலிருந்துதான் எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. வானத்தில் ஒரு உறுமல் கேட்டால் போதும், சாப்பிடுகிற கையோடு எழுந்து போய் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவேன். நம் ஊரில் இடி இடிக்காத சாயங்காலம் ஏது? கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரைக்கும் எந்த வீட்டில் கேட்டாலும் டிவியோ மோடமோ கருகின கதை ஒன்று இருக்கும். தாமானில், நம் குடியிருப்பு முழுக்க, எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இடிச் சத்தம் வந்ததும் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "அண்ணே, புடுங்கியாச்சா?" என்று கத்துவார். "புடுங்கியாச்சி" என்று நான் கத்துவேன். நீ வளர்ந்து படித்து முடித்து, "அப்பா, இப்ப வர்றது செம்புக் கம்பி இல்ல, கண்ணாடி நார். அதுல இடி வராது. கரண்டுப் பக்கம் வந்தாலும் நான் போட்டிருக்கிற பிளக் தாங்கும்" என்று எத்தனையோ தடவை சொன்னாய். தலையாட்டினேன். மனதுக்குள், இவன் என்ன எனக்கு லைன் சொல்லிக் கொடுப்பது என்று இருந்தது. எனக்குத் தெரிந்தது செம்பு. கண்ணாடி எனக்குத் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் வாய் வராது.

அம்மாவுக்கு இடியே கேட்காது. மேருவில் அந்தக் கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருடம் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று நின்று, அவள் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. வாங்கிக் கொடுத்த காதுக் கருவியை, விசில் அடிக்கிறது என்று மேசை டிராயரில் போட்டுவிட்டாள். உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் படிப்பாள். நீ டப்ளினுக்குப் போன பிறகு போனில் உன் குரல் அவளுக்கு ஒன்றுமே இல்லை. உன் முகம் வேண்டும், உதடு அசைவது தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி வீடியோ காலுக்கு ஆறரைக்கே முகம் கழுவிப் பவுடர் போட்டுப் பொட்டு வைத்துக்கொண்டு டேப்லட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "பசியாறிட்டியா?" நீ அங்கே மீசை வளர்த்தபோது உன்னை எப்படி ஏசினாள், நினைவிருக்கிறதா? "அத மழிச்சிடு சாமி, பாதி வார்த்த அதுக்குள்ள மாட்டிக்குது." மறுவாரமே மழித்துவிட்டு வந்தாய். நான் சொல்லி எந்தக் காலத்தில் நீ எதைக் கேட்டாய்!

கம்பெனிக்காரன் கொடுத்த பெட்டியில் படம் அடிக்கடி உறைந்துபோகும். மற்றவர்களுக்கு அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். அவளுக்கு உதடு நின்றால் நீ பேசுவதே நின்றுவிட்டது போல. அதற்காகத்தான் ஒரு லீவுக்கு வந்தபோது நீ இந்தக் கறுப்புப் பெட்டியை வாங்கி, அதற்குள் அந்தத் திறந்த மூல இயங்குதளத்தைப் போட்டாய். "யாரு கம்பெனிடா இது?" என்று கேட்டேன். "யாரு கம்பெனியும் இல்லப்பா. உலகம் பூரா நிறைய பேரு சும்மா எழுதித் தர்றாங்க. நானும் கொஞ்சம் எழுதியிருக்கேன்" என்றாய். சும்மா எழுதித் தருகிறார்களாம், நல்ல கூத்து என்று சிரித்தேன். அம்மாவிடம் நீ டேப்லட்டைக் காட்டி, உதட்டை நன்றாகத் திறந்து நிதானமாகச் சொன்னாய்: "ஃபெடரல் ஹைவேல மோட்டார் சைக்கிளுக்குத் தனி லேன் இருக்குல்லம்மா? உங்க டேப்லட்டுக்கு அந்த மாதிரி ஒரு லேன் போட்டிருக்கேன். அப்பா டிவி பாத்தாலும் உங்க லேன்ல யாரும் வர முடியாது." அவளுக்கு வந்த பெருமையைப் பார்க்கணுமே! தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் தனக்குத் தனி லேன் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்தப் பெட்டிக்குப் பிறகு உன் படம் ஒரு தடவைகூட உறையவில்லை.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். முந்தின ஞாயிறே நீ சொல்லிவிட்டாய், புதுப் பதிப்பு வந்திருக்கிறது, பழையதில் ஒரு ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்கள், நீயே அங்கிருந்து ஆரம்பித்து வைப்பாய், நாங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, பெட்டியைத் தொடாமல் இருப்பது. நீ சொல்லச் சொல்ல அம்மா அவளுடைய குண்டு எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. "நாலரை மணிக்குத் தினேஷ் ஆரம்பிப்பான். விளக்கு அணைந்து அணைந்து எரியும், பயப்படக் கூடாது. பத்து நிமிடம் யாரும் தொடக் கூடாது. சுவிட்சை அணைக்கக் கூடாது. அப்பாவும்." கடைசி வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறாள். நாலரைக்கு விளக்குகள் மினுக்க ஆரம்பித்தன. அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தாளைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் டிவியை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும். போர்ட் கிள்ளான் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. முதல் இடி தூரத்தில். என் கை தானாகத் துடித்தது, அடக்கிக்கொண்டேன். இரண்டாவது, நம் கூரைமேலேயே விழுந்த மாதிரி, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் லெட்சுமி அக்கா, "அண்ணே, புடுங்கியாச்சா?" என்று கத்தினார். நான் ஓடினேன்டா. அம்மாவுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. நான் குனிவதை மட்டும்தான் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, தொடாதீங்க, புள்ள சொல்லியிருக்கான்" என்று தாளை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். நான் அவள் கையை உதறினேன். "செவிட்டு முண்டம், உனக்கு என்னா தெரியும்!" என்றேன். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்த வார்த்தையை அதற்கு முன்னால் நான் சொன்னதில்லை. முகத்துக்கு நேராகச் சொன்னேன், உதடு முழுக்கத் தெரியும்படி. படித்துவிட்டாள். என் கையை விட்டுவிட்டாள். நான் பிடுங்கினேன். எல்லா விளக்கும் அணைந்தது. மழை ஓய்ந்த பிறகு திரும்ப மாட்டினேன், ஒன்றுகூட எரியவில்லை.

அப்புறம் என் பட்டன் போன் அடித்தது. நீதான். "அப்பா, லைட் எரியுதா?" "இல்லடா, ஒன்னும் எரியல." "சுவிட்ச் கிட்ச் அணைச்சீங்களா?" "நான் தொடவே இல்லடா." நீ அங்கே எதையோ தட்டிப் பார்ப்பது கேட்டது. பிறகு ரொம்ப மெதுவாக, "அப்ப நான்தான் ஃபைல தப்பா எடுத்துட்டேன் போலப்பா" என்றாய். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பன்னிரண்டு வயதில் பாயில் உட்கார்ந்திருந்த உன் முகம் அப்படியே கண்முன் வந்தது, அப்படியும் திறக்கவில்லை. தெரியாததில் கை வைத்தது நான் என்று உன்னிடம் எப்படிச் சொல்வேன்? நிமிர்ந்து பார்த்தேன். அம்மா எதிரே நின்று என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'தொடவே இல்லடா' என்று நான் சொன்னதை அவள் படித்துவிட்டாள். போய் அரிசி களைய ஆரம்பித்தாள்.

கம்பெனியின் பழைய பெட்டியை மாட்டச் சொன்னாய். அதைப் பழைய பேப்பர் லோரிக்காரனிடம் எப்போதோ தூக்கிப் போட்டிருந்தேன். கம்பெனியில் கேட்டதற்கு, ஆள் வெள்ளிக்கிழமைதான் வருவான் என்றார்கள். "பரவால்லப்பா, நாளைக்கு மட்டும் அம்மாவ லெட்சுமி ஆன்டி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்கேருந்து பேசட்டும்" என்று நீ சொன்னாய். சரி என்றேன். இதுதான் நான் முன்னால் சொன்ன அந்தக் கேவலம். கவனமாகப் படி. ஞாயிறு ஆறரைக்கு அவள் முகம் கழுவிப் பொட்டு வைத்து, டேப்லட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "வாங்க, லெட்சுமி அக்கா வீட்டுக்குப் போய்ட்டு வந்துருவோம்." வேண்டாம் என்றேன். அவர்கள் வீட்டில் விருந்தாளி என்றேன். விருந்தாளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவள் உன்னைப் பார்த்ததும் சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம். அது அவளுக்குப் புரிந்துவிட்டது. என் முகத்தை நிமிர்த்திப் பிடித்துச் சொன்னாள்: "நான் ஒன்னும் சொல்ல மாட்டேங்க. சத்தியமா சொல்ல மாட்டேன். அவன் மூஞ்சிய மட்டும் பாத்துட்டு வந்துர்றேன்." நான் போய் டிவி முன்னால் உட்கார்ந்தேன். அவள் எட்டு மணி வரைக்கும் வாசலில் நின்றிருந்தாள். பிறகு உள்ளே வந்து பவுடரைத் துடைத்துவிட்டுச் சோறு போட்டாள். உன்னிடம் நான் போனில் என்ன சொன்னேன்? "அம்மாவுக்குத் தலவலிடா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அடுத்த வாரம் வரவில்லை. வியாழக்கிழமை காலையில் அடுப்பங்கரையில் சாய்ந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. மற்றது உனக்குத் தெரியும். நீ சனிக்கிழமை வந்து சேர்ந்தாய். வரும்போது, அந்த மாதம்தான் விட ஆரம்பித்திருந்த தாடியை மழித்துவிட்டு வந்திருந்தாய், தாடையில் இரண்டு இடத்தில் வெட்டியிருந்தது. விமான நிலையக் கழிவறையில் நின்று மழித்தேன் என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, எப்போதும் அவளிடம் பேசுவாயே, அப்படி உதட்டை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாய்: "ம்மா. நான்தாம்மா. லைனக் கெடுத்துட்டேன். மன்னிச்சிரும்மா." நான் இரண்டடி தூரத்தில் நின்றிருந்தேன். கூட்டம் முழுக்க அழுதது. நானும் அழுதேன், எல்லாரும் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஏன் அழுகிறேன் என்று ஒருத்தருக்கும் தெரியாது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். என்ன ஜென்மமடா நான்!

கருமாதிக்கு முந்தின நாள் நீ அந்த ரூட்டரைச் சுவரிலிருந்து கழற்றிப் பாயில் வைத்துப் பிரித்தாய். மூன்று மெல்லிய ஒயர்களை உள்ளே பொருத்தி, உன் மடிக்கணினியிலிருந்து பழைய பதிப்பையே திரும்பவும் ஏற்றி உயிர் கொடுத்தாய். பக்கத்தில் பிரித்த மூடி, திருகாணிகள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்குகள் எரிந்தன. நீ நிமிர்ந்து, "இனிமே இத யாரும் தொட வேணாம்பா, நானும் தொடல" என்றாய். உன் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தலையாட்டினேன். நீ அங்கே திரும்பிப் போய்த் தாடி வளர்த்துக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவின் டேப்லட்டில், அம்மாவின் லேனில், தாடியோடு ஒரு முகம் வருகிறது. நான் பசியாறினாயா என்று கேட்கிறேன். எனக்கு அதைவிட்டால் வேறொன்றும் கேட்க வராது.

நேற்றைக்கு வருகிறேன். கஸ்தூரி எழுதி வைத்ததை ஒரு வாரம் படித்தேன். புதுப் பதிப்பு பழைய அமைப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளாது, எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும் என்று எழுதியிருந்தாள். அதனால் நீ போட்டிருந்த ஒவ்வொன்றையும் திரையைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். 'அம்மா டேப்லட், முதல் வழி' என்று நீ தமிழில் பெயர் வைத்திருந்த வரியை எழுதும்போது கொஞ்ச நேரம் கண் தெரியவில்லை. வேண்டுமென்றே நாலரை மணிக்கு ஆரம்பித்தேன். இடி வரும் என்று தெரியும். வந்தது. லெட்சுமி அக்கா, "அண்ணே, புடுங்கியாச்சா?" என்று கத்தினார். "இல்ல, இன்னைக்குப் புடுங்கல" என்று கத்தினேன். அம்மாவின் நாற்காலியைப் பெட்டிக்கு முன்னால் போட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொரு இடிக்கும் உடம்பு தூக்கிப் போட்டது. ஏழு நிமிடம்தான். வெறும் ஏழு நிமிடம்! விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாயின. கருகவில்லை, ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும். அதை நினைத்துத்தான், ஒற்றை ஆளாக, வாய்விட்டு அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு இரண்டு விரலால் தட்டித் தட்டி எல்லாவற்றையும் போட்டேன். முதலில் போட்டது அவளுடைய லேனைத்தான்.

கல்யாணம் பண்ணப் போகிற பிள்ளைக்கு அப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கஸ்தூரி உன் கையைப் பிடித்துத் தடுத்தால் உதறிவிடாதே. தப்பு செய்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. அவள் ஏசுவாள், ஒரு வேளை சோறு போட மாட்டாள், அத்தோடு போகும். நான் சொல்லாமல் விட்டதற்கு என்ன ஆனது என்று பார். ஆபீஸில் அந்தப் பட்டனை அழுத்து, சாமி. உன் கையில் ஒரு பழுதும் இல்லை. பன்னிரண்டு வயதிலும் இல்லை, அன்றைக்கும் இல்லை. இரண்டு தடவையும் பழுது என் கையில்தான் இருந்தது. ரோத்தானால் அடித்ததற்கும் சேர்த்தே இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்னும் ஒன்றை ஒளித்து வைத்திருந்தேன். காது கேட்காததால் ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் பேச வேண்டியதை அம்மா முன்கூட்டியே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாள், உனக்குத் தெரியும். அந்தக் கடைசி வாரத்துப் பக்கத்தை, நீ வந்து சேர்வதற்கு முன்னால் நான் கிழித்து எடுத்துவிட்டேன். மூன்று வருடம் என் இன்சூரன்ஸ் கோப்புக்குள் கிடந்தது. இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் மை கொஞ்சம் போய்விட்டது, அதனால் இங்கேயும் எழுதுகிறேன்:

"தினேஷ்
பசியாறினியா
லெட்சுமி அக்கா மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு, பெண்
தாடி வேண்டாம், எடுத்துவிடு
பெட்டி கெட்டது உன்னால் இல்லை
யார் என்று கேட்காதே"

எனக்குச் செய்து கொடுத்த சத்தியத்தையும் காப்பாற்றிவிட்டாள், உன்னையும் விட்டுக்கொடுக்கவில்லை. வாசலில் ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்தவனை, செவிட்டு முண்டம் என்று சொன்னவனை, கடைசி வரைக்கும் காட்டிக் கொடுக்கவில்லை. யார் என்று நீ இதுவரை கேட்டதில்லை. கேட்காமலே சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். பெட்டி நன்றாக இருக்கிறது, லைன் நன்றாக இருக்கிறது. உன் முகம் வராவிட்டால், லைன் கெட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள மாட்டேன்.

அப்பா